கடைசியாக ஏறியவர்

காலை எட்டரைக்கெல்லாம் மலைக் காப்பகத்தின் கேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். கண்டக்டர், அவர் மனைவி, ஒன்பது வயது மகள், மனைவியின் தம்பி. மொத்தம் நாலு பேர். கேட்டில் இருந்த காவலர் நுழைவுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது மச்சானால் சும்மா இருக்க முடியவில்லை. பதினாலு வருஷம் பஸ்ஸில் ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்த மாமாவுக்கே ஒருத்தர் டிக்கெட் கிழிக்கிறார், இதைப் போட்டோ எடுத்து வீட்டில் மாட்ட வேண்டும் என்று கிண்டலடித்தான். கண்டக்டர் சிரித்துக்கொண்டே வாங்கி, பழக்க தோஷத்தில் சீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் போட்டார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. மகளை வீட்டில் எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். வாலு தூங்கும்போது டூட்டிக்குக் கிளம்பி, வாலு தூங்கின பிறகு வீட்டுக்கு வருகிற அப்பா அவர். போன மாதம் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னார்கள். அம்மாவை வரைந்தாள், மாமாவை வரைந்தாள், அப்பா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பஸ்ஸை வரைந்துவிட்டாள். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் இந்த மலை. மூன்று வாரமாக மேலாளரின் பின்னாலேயே அலைந்து வாங்கிய லீவு. அருவி பார்க்கலாம், மான் பார்க்கலாம், உச்சியில் நின்றால் ஏழு மலை வரிசையாகத் தெரியும் என்று மகளுக்கு ஆசை காட்டியிருந்தார். ஒரே ஒரு நாளாவது அவள் தன்னைப் பார்த்துச் சிரித்தால் போதும் என்று அவருக்கு இருந்தது.

மலைக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை.

அருவி என்று அம்புக்குறி போட்டிருந்த இடத்தில், சரியாக மூடாத குழாய் மாதிரி ஒரு பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மான், காட்டுப்பன்றி, மலை அணில் என்று பெரிய பலகையில் படம் இருந்தது. பலகைக்கு மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அதுவும் இவர்களைப் பார்த்ததும் பறந்துவிட்டது. பதினொரு மணிக்குத் தூறல் பிடித்தது. மனைவி பொட்டலத்தைப் பிரித்தபோது ரொட்டியெல்லாம் ஊறிப்போய்க் கையோடு ஒட்டிக்கொண்டது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வாரம் முழுக்க ஊசியும் குழாயுமாக நின்று, இந்த ஒரு நாளாவது காலை நீட்டிப் படுத்திருப்பேனே என்று புருஷனுக்குக் கேட்கிற மாதிரி தம்பியிடம் சொன்னாள். வாலு எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஒரு மணிக்கு உச்சியை அடைந்தபோது மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகிவிட்டது. எலிகூட இல்லை. இரும்புக் கம்பித் தடுப்பு, அதன் மேல் ஏழு மலைகளின் பெயரையும் போட்டு அம்புக்குறி வரைந்த தகடு. அம்புகள் காட்டிய திசை முழுக்க வெள்ளைப் பனிமூட்டம். சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி, ஒரு கீறல்கூட இல்லாமல் மூடியிருந்தது. காற்று இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை. வெகுநாள் பூட்டிக் கிடந்த துணி அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த ஈர வாடை மட்டும் லேசாக இருந்தது.

வாலு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழ் உதடு பிதுங்கத் தொடங்கியிருந்தது.

கண்டக்டருக்கு வேறு வித்தை தெரியாது. தெரிந்த ஒன்றைச் செய்தார். பையிலிருந்த விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கம்பித் தடுப்பில் ஒரு காலை வைத்து, படிக்கட்டில் தொங்குகிற மாதிரி சாய்ந்து, பனியைப் பார்த்துக் கூவினார். “கேட்டு, கேட்டு, கேட்டு! கீழ போறவங்கல்லாம் ஏறிக்கோ! படியில நிக்காத, உள்ள போ!”

வாலு திரும்பிப் பார்த்தாள். உதடு உள்ளே போயிற்று. அப்பா வேலை செய்வதை அவள் பார்த்ததே இல்லை.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கற்பனைப் பயணிகளை ஏற்றினார். மூட்டை வைத்திருந்தவரைத் திட்டினார், சில்லறை இல்லாதவரை முறைத்தார். வாலு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர் ஆசைப்பட்ட அதே சிரிப்பு. அதைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே, யார் முன்னால் நிற்கிறோம் என்பதே மறந்துபோய், தினமும் வண்டி கிளம்புமுன் கேட்கிற அந்தக் கடைசிக் கேள்வியையும் கேட்டார்.

“வேற யாராவது இருக்கீங்களா?”

“இருக்கோம்.”

பனிக்குள்ளிருந்து வந்தது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

மனைவியும் மச்சானும் பேச்சை நிறுத்தினார்கள். வேறு யாரோ மலை ஏற வந்தவர்கள் விளையாடுகிறார்கள் என்றான் மச்சான். சொல்லிவிட்டுக் கம்பிக்கு மேலே எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் நிற்பதற்குத் தரையே இல்லை. செங்குத்தான பள்ளம்.

நேரமாகிறது, இறங்கலாம் என்று மனைவி மெதுவாகச் சொன்னாள்.

இறங்கும் பாதை ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முன்னால் மச்சான், பிறகு மனைவி, பிறகு சிவப்பு மழைக்கோட்டில் வாலு, கடைசியில் கண்டக்டர். பஸ்ஸிலும் அவர் பின்பக்கப் படிக்கட்டுக்காரர். எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுத்தான் அவருக்கு நடக்கத் தெரியும். வாலு கையைப் பின்னால் நீட்டி அவர் விரல்களைப் பிடித்திருந்தாள். உச்சியில் கேட்ட குரலை நினைத்து இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அந்தச் சின்னக் கையின் சூடு போதுமானதாக இருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். ஷூ கயிறு அவிழ்ந்து காலை இடறியது. ஒரு நிமிஷம் என்று மகளிடம் சொல்லிக் கையை விட்டுவிட்டுக் குனிந்தார். ஈரத்தில் முடிச்சு சரியாக விழவில்லை. விரல் மரத்துப்போய், இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் நழுவியது. அப்போது முதுகுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு குரல் கேட்டது.

“இடம் இருக்கா?”

ஒரு நாளைக்கு முந்நூறு தடவை கேட்கிற கேள்வி. பாரம் சுமந்தவர்களும், வியர்வை வழிய ஓடி வந்தவர்களும், இந்த வண்டியை விட்டால் நாதியில்லாதவர்களும் கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அவருக்கு மூளை தேவைப்பட்டதில்லை. நாக்கே சொல்லிவிடும்.

“இருக்கு, இருக்கு. முன்னாடி போங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது.

குனிந்தபடியே இருந்தார். நிமிரப் பயமாக இருந்தது. நனைந்த கம்பளித் துணி ஒன்று அவர் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவசரமில்லாமல், தள்ளுமுள்ளு இல்லாமல், வரிசையாக. அலமாரி வாடை மூக்கை அடைத்தது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. குனிந்திருந்த அவர் கண்ணுக்கு ஒரு கால்கூடத் தெரியவில்லை.

கடைசி உரசலும் போன பிறகு நிமிர்ந்தார்.

சிவப்பு மழைக்கோட்டு நாலு அடி தூரத்தில் இருக்க வேண்டும். முப்பது அடி தள்ளி, பனியில் மங்கலாக அசைந்துகொண்டிருந்தது.

வேகமாக நடந்தார். அது நாற்பது அடி ஆனது. ஓடினார். பாதை நீளவில்லை, நடுவில் ஆள் கூடிக்கொண்டே போனது. அவருக்கும் மகளுக்கும் இடையில் ஈரக் கால்கள் சரளைக்கல்லை மிதிக்கிற சத்தம் நிறைந்திருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்கள். அவர் ஒரு வண்டி நிறைய விட்டுக்கொண்டிருந்தார்.

“வாலு!”

“என்னப்பா?” தூரத்திலிருந்து, சாதாரணமான குரல்.

“நில்லும்மா. நான் வர்றேன்.”

“வந்துட்டுதானே இருக்க?” என்றாள் அவள். “உன் கை ஏம்பா இப்படி ஜில்லுனு இருக்கு?”

அவர் கை அவர் பக்கத்திலேயே வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கையை விடு என்று கத்தினார். நீதானே பிடிச்சிருக்க என்று அவள் சிரித்தாள். அப்பா இன்னும் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். மனைவியும் மச்சானும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கத்துவது அவ்வளவு தூரம் போகவில்லையோ என்னவோ.

விசில் கழுத்தில்தான் கிடந்தது. பஸ் பாஷை எல்லோருக்கும் தெரியும். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும். இரண்டு விசில் என்றால் கிளம்பும். அவர் மூச்சு முழுவதையும் திரட்டி ஒரே ஒரு நீள விசில் ஊதினார்.

எல்லாக் காலடியும் நின்றது.

மலையே நின்ற மாதிரி இருந்தது. சிவப்பு மழைக்கோட்டும் நின்றது.

அவர் அந்த வரிசைக்குள் நுழைந்தார். காலை எட்டு மணிக் கூட்டத்தில் பின்பக்கப் படியிலிருந்து டிரைவர் வரைக்கும் புகுந்து போகிறவர் அவர். ஊசி நுழையாத இடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தோளால் வழி பண்ணத் தெரியும். “கொஞ்சம் வழி விடுங்க. தள்ளி நில்லுங்க. வழி விடுங்க.” குரல் நடுங்கினாலும் சொற்கள் பழக்கத்தில் வந்தன. இரண்டு பக்கமும் சில்லென்ற உடம்புகள் ஒதுங்கின. கூட்டத்தில் கண்டக்டர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, நீட்டுகிற கையைத்தான் பார்ப்பார். அந்தப் பழக்கம் அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது. கைகள் மட்டும் தெரிந்தன. ஊறி வெளுத்த கைகள். நகம் இல்லாத ஒரு கை. கடிகாரம் கட்டிய ஒரு கை. அந்தக் கடிகாரக் கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது. இடுப்பு உயரத்தில் ஒரு சின்னக் கை. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

வரிசையின் தலையில் இருந்த கை, வாலுவின் விரல்களைப் பிடித்திருந்தது. வயதான ஆம்பிளைக் கை. கெட்டியாகக்கூடப் பிடிக்கவில்லை. அப்பா பிடிப்பது போலவே பிடித்திருந்தது.

“பாப்பாவை விட்டுடுங்க.” கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“இடம் இருக்குன்னு சொன்னீங்க.”

கோபம் இல்லாத குரல். ராத்திரி வேலை முடித்து நின்றுகொண்டே தூங்குகிற ஆளின் அசதி மட்டும்தான் அதில் இருந்தது. அந்த அசதி அவரைக் கோபத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

“தெரியாம சொல்லிட்டேங்க. இறங்கிக்கோங்க.”

“எவ்வளவு நாள்தான் நின்னுட்டே இருக்கிறது?”

பின்னால் நின்ற அத்தனை பேரும் மெதுவாக மூச்சு விட்டார்கள். அந்த மூச்சு அவர் பிடரியில் பட்டது. வண்டியில் எத்தனையோ தடவை இப்படி ஆகியிருக்கிறது. நிற்க முடியாதவர் ஏறிவிடுவார், உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போதெல்லாம் அவர் ஒன்றுதான் செய்வார். பின்பக்கம் தான் உட்காருகிற ஒற்றை இருக்கையைக் காட்டுவார்.

மகளின் மழைக்கோட்டுத் தொப்பியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவள் முன்பக்கம் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

“அவ இடம் வேணாம்,” என்றார். “என் இடத்தை எடுத்துக்கோங்க.”

“உங்களோடதா?”

“என்னோடதுதான்.”

அந்தக் கை வாலுவின் விரல்களை விட்டது. அவர் கையைத் தேடி வந்து பிடித்தது.

இரண்டு விசில் கேட்டது.

அவர் ஊதவில்லை.

பனி விலகியது. நாலு பேரும் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் காவலர் தலைகளை எண்ணி, நோட்டில் நாலு என்று எழுதி, ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார். ஒரு காக்கா என்றான் மச்சான். வாடகைக் காரில் திரும்பும் வழியெல்லாம் வாலு பேசவில்லை. ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து, பின்னால் போகிற மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். களைத்துப்போய்விட்டாள் என்றாள் மனைவி.

வீடு கதகதப்பாக இருந்தது. அவர் கூடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். கால்களை நீட்டினார். எழுந்திருக்க மனசே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோதும் அங்கேயே உட்கார்ந்து, கைப்பிடிகளைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டூட்டிக்குப் போனார். பதினாலு வருஷம் ஓடிய வழித்தடத்தில் ஒரு ஸ்டாப்பின் பெயரும் அவருக்குச் சொல்ல வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதாக்கும் என்று நினைத்த டிரைவர், தானே கூவிக்கூவி வண்டியை ஓட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் அவருக்கு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். சத்தம் கிடையாது, கிண்டல் கிடையாது. மலைக்காற்று பட்டதில் மனுஷன் திருந்திவிட்டார் என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். உடம்பு இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறதே என்று மட்டும் அவளுக்குக் கவலை. பரிசோதிக்கலாம் என்று வேலையிடத்திலிருந்து ஊசி கொண்டுவந்தாள். பிறந்த குழந்தைக்கே முதல் குத்தில் நரம்பு பிடிக்கிறவள். அவர் கையில் ஐந்து இடத்தில் குத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. ஊசி சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டாள். அன்றிரவு மகளோடு படுத்துக்கொண்டாள். காரணம் கேட்ட தம்பியிடம் அறையில் வெக்கை என்று சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கடைக்குப் போயிருந்தாள். வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாலு வாசற்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மலையிலிருந்து வந்ததிலிருந்து அவள் அவருக்கு ஒரு கை தூரத்துக்குள் வந்ததில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாகக் கேட்டாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?”

அவர் தலையசைத்தார்.

“எங்க அப்பாவுக்கு அங்க குளிருமா?”

அவர் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். நான்தானே உன் அப்பா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவரிடம் நேராகக் கேட்டது இந்தக் குழந்தை ஒன்றுதான். இதனிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“முதல்ல குளிரும்,” என்றார். “அப்புறம் பழகிடும்.”